குப்பை அள்ளக் குழு சேர்க்கறீங்களா, மூட்டை எங்க போகும்னு மொதல்ல கேளுங்க

நம்ம பக்கம் பீச்ச க்ளீன் பண்றோம், ஆத்தங்கரைய க்ளீன் பண்றோம்னு கெளம்புற குழு நெறைய, ஆறு மாசம் தாண்டி நிக்கிற குழு ரொம்ப கம்மி. ஆள் கெடைக்காததால இல்ல, அள்ளின மூட்டைய என்ன பண்றதுன்னு யோசிக்காமலே குனிஞ்சிடறதுதான் காரணம். ஞாயித்துக்கிழமை காலைல அம்பது பேர் வந்து வேர்க்க விறுவிறுக்க மூட்டை கட்டி ரோட்டோரம் அடுக்கி போட்டோ எடுத்துட்டு டிபன் சாப்பிடப் போயிடுவாங்க, அன்னிக்கு வண்டி வராது, மத்தியானத்துக்குள்ள மாடு வந்து சாக்க முட்டும், நாய் கிழிக்கும், மிச்சத்தக் கடக்காத்து பாத்துக்கும், சாயந்திரம் அந்த வழியா போறவங்க "க்ளீன் பண்றேன்னு வந்து இன்னும் நாஸ்தி பண்ணிட்டுப் போயிருக்கானுங்க"ன்னு திட்டுவாங்க. திட்டுறதுல தப்பும் இல்ல. அதனால கடலூர், பாண்டி பக்கத்துல புதுசா ஒரு குழு சேர்க்கணும்னு நெனைக்கிறவங்களுக்கு எந்த வரிசையில எதைச் செய்யணும்னு தெரிஞ்ச வரைக்கும் எழுதறேன், கையுறை சாக்கு எல்லாம் அப்புறம், மொதல்ல குழு யாரோடதுங்கறத பேசிடலாம்.

குழு யாரோடது

யாரோடதும் இல்லாம இருக்கணும். கோயில், சர்ச், பள்ளிவாசல், கட்சி, சாதிச் சங்கம், ரசிகர் மன்றம், எதோட கெளையாவும் இருக்கக் கூடாது. அவங்கெல்லாம் குப்பை அள்ளக் கூடாதுன்னு சொல்ல வரல, தாராளமா அள்ளட்டும், நல்லாவே அள்ளுவாங்க. ஆனா ஒரு கோயில் பேருல கூப்பிட்டா அந்தத் தெருவுலேர்ந்து மட்டும்தான் வருவாங்க, அடுத்த தெரு "அது அவங்க வேலை"ன்னு ஒதுங்கிடும். குப்பை எல்லார் வீட்டுலேர்ந்தும்தான வருது, அப்போ எல்லாரும் கூச்சமில்லாம வந்து நிக்கிற மாதிரி ஒரு பேரு வேணும். பேருல சாமி வேணாம், தலைவர் வேணாம், ஊரு பேரையோ ஆத்துப் பேரையோ வச்சுட்டுப் போங்க.

கடலூர்ல கடவுள் இல்லன்னு பேசறதும் புதுசு இல்ல, கடவுளத் தோள்ல தூக்கறதும் புதுசு இல்ல. 1944ல பெரியார் மேல செருப்பு விழுந்த ஊரு இது, 1972ல அவருக்கு செல வச்சதும் இதே ஊருதான். அதனால உங்க குழுவுல கறுப்புச் சட்டைக்காரர் ஒருத்தர் கண்டிப்பா இருப்பார், மாசி மகத்துக்கு சாமி தூக்கறவரும் இருப்பார், ரெண்டு பேரும் ஒரே சாக்கோட ரெண்டு முனையப் புடிச்சுத் தூக்கணும். ஆரம்பிக்கறப்ப சாமி கும்பிட்டு ஆரம்பிக்கறதும் வேணாம், சாமி இல்லன்னு கோஷம் போட்டு ஆரம்பிக்கறதும் வேணாம், ஆறு மணிக்கு ஆரம்பிக்கணும், அவ்ளோதான்.

நாள் குறிக்கறதுலயும் இது இருக்கு. எப்பவும் ஞாயித்துக்கிழமை காலைன்னு வச்சா கிறிஸ்தவக் குடும்பங்கள் வர முடியாது, சர்ச்சுக்குப் போற நேரம். ரம்ஜான் மாசத்துல நோன்பு வச்சவங்கள வெயில்ல நிக்க வைக்கக் கூடாது. மாசத்துல ரெண்டாவது சனி, நாலாவது ஞாயிறுன்னு மாத்தி மாத்தி வச்சா ஒரு நாள் தவறினவங்க இன்னொரு நாள் வருவாங்க. மீனவர் தெருவுல வேலைன்னா அவங்க கடலுக்குப் போகாத நாள் எதுன்னு கேட்டு அத அனுசரிச்சு வைங்க.

இன்னொன்னு, டீ-ஷர்ட். ரெண்டாவது மாசமே யாராவது ஒரு பிரமுகர் "தம்பி நல்ல காரியம் பண்றீங்க, நான் எல்லாருக்கும் டீ-ஷர்ட் அடிச்சுத் தர்றேன்"னு வருவார், முதுகுல அவர் போட்டோ இருக்கும். சிரிச்ச முகமா "வேணாங்கண்ணே, நீங்களும் ஒரு நாள் வாங்க"ன்னு சொல்லிடுங்க. வந்தா கையில ஒரு சாக்கக் குடுங்க. பேனர் வைக்கவே வைக்காதீங்க, ஃப்ளெக்ஸ் பேனர் அடுத்த வாரம் நீங்களே அள்ள வேண்டிய குப்பை.

காசு பெருசா தேவைப்படாது, கையுறை, ப்ளீச்சிங் பவுடர், முதலுதவி கிட்டு ஒன்னு, எப்பவாவது ஒரு மினி லாரி வாடகை. வந்த காசு போன காசு வாட்ஸப்புலயே மாசாமாசம் போட்டுடுங்க. குழு கொஞ்சம் நெலையான பிறகு பதிவு பண்ணணும்னு தோணினா தமிழ்நாட்டுல 1975ம் வருஷ சங்கப் பதிவுச் சட்டப்படி கொறைஞ்சது 7 பேர் வேணும், ஆனா மொத வருஷமே தலைவர் செயலாளர் பொருளாளர்னு ஆரம்பிச்சா குப்பைய விட்டுட்டு பதவியப் பத்திதான் பேச்சு ஓடும். அவசரப்படாதீங்க.

எடம் புடிக்கறது

மொத தடவையே சில்வர் பீச், அதான் தேவனாம்பட்டினம் கடற்கரை, அத முழுக்க பண்ணிடலாம்னு கெளம்பாதீங்க. அது நீளம் என்னன்னு நடந்து பாத்தா தெரியும். ஒரு எரநூறு மீட்டர், அவ்ளோதான், ஆனா அதே எரநூறு மீட்டருக்குத் திரும்பத் திரும்ப போங்க. ஒரு எடம் ரெண்டு மூணு மாசம் சுத்தமா இருந்தா அந்த எடத்துல போடறதுக்கு கொஞ்சம் கை கூசும், ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு எடம்னு சுத்தினா எந்த எடமும் மாறாது, உங்க போட்டோ ஆல்பம் மட்டும்தான் பெருசாகும்.

பாண்டியில இருக்கறவங்க ராக் பீச்ச விட்டுடுங்க. டூரிஸ்ட் வர்ற எடம், தெனமும் கூட்டறாங்க, அங்க போய் நாலு ஐஸ்க்ரீம் குச்சி பொறுக்கறது போட்டோவுக்கு நல்லாருக்கும். அரியாங்குப்பம் ஆறு, உப்பனாறு, வாய்க்கால் ஓரம், வீராம்பட்டினம் பக்கம் மீன் எறக்கற எடத்துக்குப் பின்னாடி, இப்படி யாரும் எட்டிப் பாக்காத எடமா பாருங்க.

என்னைக் கேட்டா கடற்கரைய விட ஆத்தங்கரைதான் முக்கியம்னு சொல்வேன். கெடிலமும் தென்பெண்ணையும் கடலூர்லதான் கடல்ல சேருது, மேல எந்த ஊர்ல எவன் கவர் போட்டாலும் வடகிழக்குப் பருவமழை தண்ணி வந்ததும் எல்லாம் உருண்டு முகத்துவாரத்துக்கு வந்துடும், அலை அதத் திருப்பி மணல்ல தள்ளும். 2024 டிசம்பர் தொடக்கத்துல, ஃபெஞ்சல் புயல் கரை கடந்த கையோட சாத்தனூர் அணையத் தொறந்து பெண்ணையாத்துல வெள்ளம் வந்துச்சே, அதுக்கப்புறம் கரையோர முள்ளுச்செடியெல்லாம் பாலிதீன் கவர் தோரணம் கட்டி நின்னதப் பாத்தவங்களுக்கு இது புரியும். ஆகஸ்ட், செப்டம்பர்ல ஆத்தங்கரையில ஒரு மூட்டை எடுத்தீங்கன்னா ஜனவரியில பீச்சுல பத்து எடத்துல குனியற வேலை மிச்சம். செப்டம்பர் மூணாவது சனிக்கிழமை உலகம் முழுக்க கடற்கரை தூய்மை நாள்னு பண்றாங்க, 1986ல அமெரிக்காவுல டெக்சாஸ்ல ஆரம்பிச்சது, அன்னிக்கு எல்லா காலேஜும் பீச்சுக்குத்தான் போகும், நீங்க கெடிலம் பாலத்துக்குக் கீழ போங்க.

ஆபீஸ் வேலை

இடத்த முடிவு பண்ணின உடனே அது யார் எல்லைன்னு கண்டுபுடிங்க. கடலூருக்கும் பாண்டிக்கும் நடுவுல இது ஒரு பெரிய தலைவலி. ஆல்பேட்டை வரைக்கும் கடலூர் மாநகராட்சி, பெண்ணையாத்துப் பாலம் தாண்டினா தமிழ்நாட்டு ஊராட்சி, முள்ளோடை வந்தா பாண்டி, பாகூர் கொம்யூன் பஞ்சாயத்து (பாண்டியில கிராமப்புற உள்ளாட்சிக்கு அதான் பேரு). ரோட்டோரம் கெடக்கற பாட்டில் பாண்டியில வாங்கினது, குடிச்சது தமிழ்நாட்டு எல்லையில, அள்ளறதுக்கு ரெண்டு பக்கமும் "அது எங்க லிமிட் இல்லீங்க"ன்னு சொல்லும். அதனால எல்லைக்கோட்டுல எடம் புடிக்காம, எந்த ஆபீஸ் வண்டி வருதோ அந்தப் பக்கமா புடிங்க.

கடலூர் 2021ல மாநகராட்சி ஆச்சு, 45 வார்டு. உங்க எடம் எந்த வார்டுன்னு பாத்து அந்த வார்டு சானிட்டரி இன்ஸ்பெக்டரப் போய் நேர்ல பாருங்க, கவுன்சிலர் கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லிடுங்க, ஆனா மூட்டைய எடுக்க வண்டி அனுப்பப் போறது இன்ஸ்பெக்டர்தான். பாண்டியில 2006ல நடந்த உள்ளாட்சித் தேர்தலுக்கு அப்புறம் வருஷக்கணக்கா தேர்தலே நடக்காம கெடந்துச்சு, அதனால அங்க கவுன்சிலரத் தேடற பழக்கமே போயிடுச்சு, நேரா புதுச்சேரி நகராட்சி, உழவர்கரை நகராட்சி, இல்லன்னா அந்தந்த கொம்யூன் பஞ்சாயத்து ஆபீஸ்தான்.

போறப்ப வெறுங்கையோட போகாதீங்க, ஒரு பக்கம் லெட்டர் எழுதிக்கோங்க. என்னிக்கு, எங்கேர்ந்து எது வரைக்கும், எத்தன பேர், சுமாரா எத்தன மூட்டை வரும், மூட்டைய எந்த எடத்துல அடுக்கி வைப்போம், வண்டி எத்தன மணிக்கு வரணும். இந்தக் கடைசி ரெண்டுக்கும் பதில் வராம நாள் குறிக்காதீங்க. "நீங்க அள்ளுங்க தம்பி, பாத்துக்கலாம்"னு சொன்னா அது பதில் இல்ல. வண்டி டிரைவர் நம்பர் வாங்கிட்டு வாங்க, முந்தின நாள் சாயந்திரம் ஒரு போன் போடுங்க. லெட்டர் ரெண்டு காப்பி, ஒன்னுல சீல் வாங்கி வச்சுக்கோங்க, பின்னாடி உதவும்.

கடற்கரைன்னா இன்னொரு வாசல் இருக்கு, மீனவர் ஊர் பஞ்சாயத்து. அவங்ககிட்ட சொல்லாம ஒருத்தரும் மணல்ல கால் வைக்கக் கூடாது, அவங்க வாசல் அது. நீங்க குப்பைன்னு நெனைக்கறது அவங்களுக்கு சாமானா இருக்கும். மணல்ல கெடக்கற பழைய வலை, அறுந்த கயிறு, மிதவை, ஓட்டை தெர்மாகோல், காஞ்ச பனமட்டை இதுல எது தேவை எது தேவையில்லன்னு அவங்க சொல்லிதான் தெரியும். கருவாடு காயப் போட்டிருக்கற எடத்துல மண் பறக்க நடந்தீங்கன்னா அக்காங்க வாயில விழுந்து எந்திரிக்க முடியாது, நியாயமும்தான். ஊர்ப் பெரியவர் ஒருத்தர "வாங்கய்யா, நீங்க கூட நின்னு எது வேணாம்னு சொல்லுங்க"ன்னு கூப்பிட்டுட்டா பாதி வேலை முடிஞ்சுது.

சாமான்

கறுப்பு கலர் குப்பைக் கவர் வாங்காதீங்க, முள்ளுக் குத்தினா கிழியும், ஈர மண்ணு தாங்காது. அரிசி மண்டியில பழைய சாக்கு கேளுங்க, உரச் சாக்கும் நல்லது, சிமெண்ட் சாக்குன்னா மொதல்ல அலசிடணும், அந்தத் தூசி கண்ணுல பட்டா எரியும். சாக்கு முக்கால் வரைக்கும்தான் ரொப்பணும், பீச்சு குப்பையில பாதி எடை ஈர மணல்தான், கழுத்து வரைக்கும் ரொப்பிட்டா அத லாரிக்குள்ள தூக்கிப் போடற தூய்மைப் பணியாளர் இடுப்பு போயிடும். ஒவ்வொரு கவரையும் ஒரு ஒதறு ஒதறி மண்ணத் தட்டிட்டுப் போடுங்க.

கையுறை விஷயத்துல கஞ்சத்தனம் வேணாம். ஆஸ்பத்திரியில போடற மெல்லிசு கையுறை ஒடைஞ்ச பாட்டில் ஓட்டுக்கு முன்னாடி ஒன்னுமே இல்ல, ஹார்டுவேர் கடையில உள்ளங்கைல ரப்பர் பூசின துணிக் கையுறை கெடைக்கும், அதான் சரி. கால்ல ஷூ, செருப்பு கூடாது, வெறுங்கால் கூடவே கூடாது. பாண்டு நாலஞ்சு, மண்வெட்டி ஒன்னு, பல்லுவாரி ரெண்டு, இடுக்கி இருந்தா வயசானவங்க குனியாம எடுப்பாங்க. எடை பாக்க கொக்கி தராசு ஒன்னு. பழைய பெயிண்ட் வாளி ஒன்னு, மூடியோட, அது கண்ணாடிக்கு மட்டும். கெட்டியான ப்ளாஸ்டிக் பாட்டில் ஒன்னு, திருகு மூடியோட, அது ஊசிக்கு. சிரிஞ்சு கெடந்தா வெறுங்கையில தொடாம, திரும்ப மூடி போட முயற்சி பண்ணாம, இடுக்கியால எடுத்து பாட்டில்ல போட்டுத் திருகிடணும், பாட்டில தனியா இன்ஸ்பெக்டர் கிட்ட குடுக்கணும், மத்த சாக்கோட கலக்கக் கூடாது.

டி.டி. ஊசி, அதான் டெட்டனஸ் ஊசி, போட்டுக்கிட்டு பத்து வருஷம் தாண்டியிருந்தா வர்றதுக்கு முன்னாடியே போட்டுக்கிட்டு வரச் சொல்லுங்க.

அன்னிக்கு காலைல

ஆறு மணிக்கு ஆரம்பிச்சு எட்டுக்கு முடிச்சுடுங்க, வெயில் காலத்துல ஏழரைக்கே. மொதல்ல எடுக்க வேண்டியது லேசான சாமான், தெர்மாகோல், கேரி பேக், சிப்ஸ் கவர். காலைல காத்து அடங்கியிருக்கும், வெயில் ஏற ஏற கடக்காத்து கெளம்பிடும், அப்புறம் கவர் பின்னாடி ஓட வேண்டியதுதான். மீன் பெட்டி தெர்மாகோல பாத்தீங்கன்னா ரொம்ப மெதுவா, அடியில கை குடுத்து முழுசா தூக்கணும், ஓரத்தப் புடிச்சு இழுத்தா உதுந்து சவ்வரிசி மாதிரி மணல்ல எறங்கிடும், அதுக்கப்புறம் அத எடுக்கறது யாராலயும் ஆகாது, மணலோட சல்லடையில சலிச்சாதான் உண்டு.

பாட்டில் ஓடு இருக்கற எடத்துல, பெண்ணையாத்தங்கரையில அதுதான் நெறைய, சின்னப் பசங்கள விடாதீங்க. ரெண்டு பேர் மட்டும், உக்காந்துகிட்டு, மேல தெரியறத எடுத்து வாளியில போட்டுட்டு அந்த எடத்துல பல்லுவாரிய மெதுவா இழுத்தா உள்ள பொதைஞ்சது வெளிய வரும். குவாட்டர் பாட்டில் ஒடையாம இருந்தா தனியா வைங்க, காயலாங்கடைக்காரர் எடுப்பார், ஒடைஞ்சத எடுக்க மாட்டார்.

துணி இன்னொரு கஷ்டம். தர்ப்பணம் குடுத்துட்டு, குளிச்சுட்டு, வேட்டி பொடவைய ஆத்துலயும் கரையிலயும் விட்டுட்டுப் போற பழக்கம் நம்ம பக்கம் இருக்கு. மேல துணியோட கரை ஒரு முழம் மட்டும் தெரியும், சும்மா இழுத்தா வந்துடும்னு தோணும், உள்ள ஆறு மொழம் ஈர மண்ணு அழுத்திகிட்டு இருக்கும். வேகமா இழுத்தா இடுப்பு புடிச்சுக்கும், துணி அங்கயே இருக்கும். மண்வெட்டியால சுத்தி பறிச்சுட்டு, ரெண்டு பேர் முறுக்கி முறுக்கி தண்ணிய வடிச்சுகிட்டே எடுக்கணும், அரை மணி நேரம் ஆகலாம், ஆகட்டும்.

எறங்கக் கூடாத எடம்: சாக்கடை, மூடின வாய்க்கால், செப்டிக் டேங்க் தண்ணி கலக்கற எடம். மலம் அள்ளறதுக்கும் செப்டிக் டேங்குல எறக்கறதுக்கும் மனுஷன வேலைக்கு வைக்கக் கூடாதுன்னு 2013ல சட்டமே வந்தாச்சு, அந்த வேலைய ஆர்வத்துல தன்னார்வலர் பண்றதும் அசிங்கம்தான், ஆபத்து வேற. கரையில நின்னு கைக்கு எட்டறத மட்டும் எடுங்க. அலை கால நனைக்கற எடத்துக்கு நீச்சல் தெரிஞ்ச உள்ளூர் ஆள் மட்டும் போகட்டும், வெளியூர் காலேஜ் பசங்க சில்வர் பீச்சுல எறங்கவே கூடாது.

பீச்சுல மலம் கழிச்சு வச்சிருக்கற எடம் வரும். மூக்கப் புடிச்சுகிட்டு கமெண்ட் அடிக்காதீங்க, மணலத் தள்ளி மூடிட்டு சுத்தி வந்துடுங்க, அந்த வீட்டுக்காரங்க உங்கள பாத்துகிட்டுதான் இருப்பாங்க. கக்கூஸ் வசதி இருக்கா, தண்ணி வருதான்னு கேட்டு லெட்டர்ல ஒரு வரி சேத்துக்கோங்க.

ஜனவரியிலேர்ந்து ஏப்ரல் வரைக்கும் பங்குனி ஆமை முட்டை போட கரைக்கு வர்ற காலம். அந்த மாசங்கள்ல மணல ஆழமா வாரக் கூடாது, ஜே.சி.பி. வச்சு மட்டம் பண்றேன்னு யாராவது வந்தா தடுங்க. கரையில ஒதுங்கின நரம்பு வலைய மீனவர் வேணாம்னு சொல்லிட்டா அதத்தான் மொதல்ல எடுக்கணும், ஆமை மாட்டறது அதுலதான். செத்த ஆமை கெடந்தா தொடாம வனத்துறைக்குச் சொல்லுங்க.

பிரிக்கறது, அனுப்பறது

அள்ளறப்பவே பிரிச்சுடணும், அப்புறம் கொட்டிப் பிரிக்கலாம்னா யாரும் இருக்க மாட்டாங்க. ரெண்டு சாக்கு, ஒரு வாளி போதும். ப்ளாஸ்டிக் பாட்டில், அட்டை, இரும்பு இது காயலாங்கடைக்குப் போறது. கவர், தெர்மாகோல், துணி, டயப்பர் இது மாநகராட்சி வண்டிக்கு. கண்ணாடி வாளி தனி. எல, பூ, தேங்கா மட்டை இருந்தா கரையிலயே ஓரமா குழி தோண்டிப் பொதைச்சுடலாம், லாரியில ஏத்தி ஊர் சுத்த வைக்க வேணாம். எதையும் கொளுத்தாதீங்க. கடைசியில மிஞ்சற கொஞ்சத்துக்கு தீக்குச்சி கிழிக்கற பெரியவர் ஒருத்தர் எல்லாக் குழுவுலயும் இருப்பார், அன்பா தடுங்க, தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2016லயே தெறந்த வெளியில குப்பை எரிச்சா 5,000 ரூபா, பெரிய அளவுல எரிச்சா 25,000 ரூபான்னு சொல்லியாச்சு.

காயலாங்கடை காசு பெருசா வராது. வர்றத, அந்த எடத்துல வழக்கமா பாட்டில் பொறுக்கி பொழைக்கறவங்க யாராவது இருந்தா அவங்களுக்கே விட்டுடறதுதான் நியாயம், நீங்க ரெண்டு மணி நேரத்துல அள்ளிட்டுப் போறது அவங்க ஒரு வார சம்பாத்தியம்.

வண்டி வர்ற வரைக்கும் ரெண்டு பேர் மூட்டைகிட்ட நிக்கணும். இது பேசித் தீத்துக்க வேண்டிய முறை வேலை, எப்பவும் ஒரே ஆள் மாட்டக் கூடாது. வர்ற தூய்மைப் பணியாளர்களோட சேந்து ஏத்திவிடுங்க. அவங்கள ஓரமா நிக்க வச்சு நீங்க மட்டும் போட்டோ எடுக்கறதும் வேணாம், அவங்கள கேக்காம போட்டோவுல இழுக்கறதும் வேணாம்.

ஒரு நோட்டுல எழுதுங்க: தேதி, எடம், எத்தன மூட்டை, எத்தன கிலோ, அதுல எது அதிகம். நாலஞ்சு மாசம் சேந்தா அது ஆயுதம். தண்ணி பாக்கெட்டே பாதின்னு தெரிஞ்சா அது எந்தக் கடைலேர்ந்து வருதுன்னு தெரிஞ்சுடும், கடைக்காரர்கிட்ட ஒரு டிரம் வைக்கச் சொல்லலாம். தண்ணி பாக்கெட், கேரி பேக், ப்ளாஸ்டிக் பூசின பேப்பர் கப், உறிஞ்சு குழல் உள்பட 14 சாமானுக்கு 2019 ஜனவரி 1லேர்ந்து தமிழ்நாட்டுல தடை இருக்கு, அதையும் சொல்லலாம், ஆனா சின்னக் கடை அக்காவ மெரட்டறதுக்கு அத எடுக்காதீங்க. தொட்டி வேணும், வண்டி தெனமும் வரணும்னா அந்த நோட்டையும் சீல் வாங்கின லெட்டரையும் எடுத்துகிட்டு திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளுக்குப் போங்க. "ரொம்ப அசுத்தமா இருக்குங்கய்யா"ன்னு சொல்றதுக்கும், தேதியோட கிலோவோட காட்டறதுக்கும் ரொம்ப வித்தியாசம்.

திருவிழாக்கு அடுத்த நாள்

மதச்சார்பில்லாத குழுவுக்கு உண்மையான பரீட்சை இங்கதான். மாசி மகத்துக்கு தேவனாம்பட்டினத்துக்கும் பாண்டி வைத்திக்குப்பத்துக்கும் ஊர் ஊரா சாமி வரும், விநாயகர் சதுர்த்தி முடிஞ்சு செல கரைக்கறது, ஆகஸ்ட்ல வேளாங்கண்ணிக்கு காவி கட்டிகிட்டு இ.சி.ஆர். வழியா நடந்து போற கூட்டம், கந்தூரி, அரசியல் மாநாடு. எல்லாத்துக்கும் ஒரே விதி: அன்னிக்கு போகாதீங்க, அடுத்த நாள் விடிகாலைல போங்க, எல்லாத்துக்கும் போங்க. ஒரு மதத்துத் திருவிழா குப்பைய மட்டும் அள்ளி போட்டோ போட்டா குழு அன்னிக்கோட காலி, "அவங்க குப்பை மட்டும்தான் ஒங்க கண்ணுக்குத் தெரியுமா"ன்னு ஒருத்தர் கேட்டா பதில் இருக்காது.

செல கரைச்ச எடத்துல கவனம், மரச் சட்டம், ஆணி, கம்பி எல்லாம் மணலுக்குள்ள இருக்கும். ஒடைஞ்ச செல, பழைய சாமி படம், ஃப்ரேம் போட்டது, இதெல்லாம் ஆத்தங்கரையிலயும் வேப்ப மரத்தடியிலயும் நெறைய கெடக்கும். கடவுள் நம்பிக்கை இல்லாதவர் அது வெறும் களிமண்ணும் கண்ணாடியும்தானம்பார், அவர் கணக்குப்படி சரிதான், ஆனா பக்கத்துல நிக்கற அம்மாவுக்கு அது வேற. டயப்பர் சாக்குல அதப் போடாதீங்க, தனியா ஓரமா வைங்க, அந்தத் தெருக்காரங்கள கூப்பிட்டு என்ன பண்ணலாம்னு கேளுங்க, நெறைய பேர் "கண்ணாடிய எடுத்துட்டு மரத்த எடுத்துக்கோங்க, படத்த நாங்க பாத்துக்கறோம்"னு அவங்களே முன்னாடி வருவாங்க. தர்க்கம் பண்ணணும்னா வேலை முடிஞ்சு டீக்கடையில பண்ணிக்கலாம்.

சுவத்துல ஒன்னுக்குப் போகாம இருக்க சாமி படம் டைல்ஸ் ஒட்டறது, கூடவே சிலுவையும் பிறையும் ஒட்டறது நம்ம ஊர்ல சகஜம், குழுவுலயும் யாராவது அந்த ஐடியாவ சொல்வாங்க. எனக்குப் புடிக்காது. பயத்த ஒட்டி வச்சுட்டுப் போற மாதிரி, தவிர அடுத்த சுவத்துக்குத்தான் அது நகரும். அந்த மூலைக்கு ஒரு லைட்டு கேட்டு வாங்குங்க, சுவத்தோரம் நாலு அரளிச் செடி வைங்க, கிட்டத்துல பொதுக் கழிப்பறை பூட்டிக் கெடந்தா அதத் தொறக்க வைங்க.

வேளாங்கண்ணி நடைபயணத்துக்கு முன்னாடியே ஒரு வேலை பண்ணலாம், வழியில தண்ணிப் பந்தல் வைக்கறவங்கள போய்ப் பாத்து பாக்கெட்டுக்கு பதிலா கேனும் எவர்சில்வர் டம்ளரும் வைக்கச் சொல்லலாம், கழுவற வேலைக்கு ஒங்க ஆள் ரெண்டு பேர அனுப்பறேன்னு சொன்னா உடனே ஒத்துக்குவாங்க. அன்னதானம் போடறவங்ககிட்ட வாழை எலைக்கும் இதே மாதிரி பேசலாம். அள்ளற குப்பையில பாதி இப்படியே கொறையும்.

முடிஞ்சதும் கையுறைய கழட்டிட்டு சோப்பு போட்டு முழங்கை வரைக்கும் கழுவணும், சின்ன கீறல்னாலும் கிட்டு தொறக்கணும். டீ குடிக்க அவங்கவங்க வீட்டு டம்ளர் கொண்டு வரச் சொல்லிடுங்க, முந்தின நாள் ராத்திரி வாட்ஸப்புல போடற மெசேஜ்லயே எழுதிடுங்க: ஷூ, தொப்பி, தண்ணி பாட்டில், டம்ளர். அக்டோபர் பாதியிலேர்ந்து டிசம்பர் வரைக்கும் மழை, அந்த மாசங்கள்ல ஆத்தங்கரை பக்கம் போகாம தெரு முனையில நிக்கற மழைநீர் வாய்க்கால் வாய அடைச்ச கவர மேலேர்ந்து வாரி எடுங்க, பொங்கல் முடிஞ்சு தண்ணி வடிஞ்சதும் மறுபடி கரைக்குப் போகலாம். வண்டி டிரைவருக்கு அன்னிக்கும் ஒரு போன் போட்டுடுங்க.